சாம்பல்: 148, 118, 226

மார்ச் 3, திங்கள்

புது நோட்டு. புது நோட்டு தொடங்கும்போது நடப்பு நிலவரத்தை முறைப்படி எழுதிவிடுவது அலுவலகத்திலிருந்து வந்த பழக்கம். யார் படிக்கப்போகிறார்கள்? யாருமில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

வயது எழுபத்திரண்டு. நீர்வழங்கல் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு வரைவாளர். குடிநீர்க் குழாய்க்கு நீலம், கழிவுநீருக்குப் பழுப்பு, உத்தேசக் குழாய்க்கு விட்டுவிட்டுக் கோடு. நிறத்தை நானாகத் தேர்ந்தெடுத்ததே இல்லை. அது விதிமுறைப் புத்தகத்தில் இருந்தது. ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்து மகள் அந்த இணையதளத்தைக் காட்டிவிட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தலைப்பு தருவார்கள். அதற்கு ஒரு துணி வடிவமோ சுவர்த்தாள் வடிவமோ வரைந்து அனுப்ப வேண்டும். எல்லோரும் வாக்களிப்பார்கள். அங்கே என் பெயர் ‘அளவுகோல்’. அறுபது போட்டிகளில் கலந்துகொண்டிருக்கிறேன். முதல் வருஷம் நூறாவது, நூற்றைம்பதாவது இடங்கள். இப்போதெல்லாம் முதல் இருபதுக்குள். முன்னேறியிருக்கிறேனா, போட்டியிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்தேன். கூடியிருக்கிறார்கள்.

இன்றைய தலைப்பு: ‘மூடுபனி’. நான்கு நிறங்களுக்கு மேல் கூடாது. பதினான்காம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

மூடுபனி என்றால் சாம்பல்தான். என் சௌகரியத்துக்கு ஏற்ற தலைப்பு.

மார்ச் 5, புதன்

ஒரு கட்டத்துக்குள் பதினேழு மரங்கள். நான்கு ஓரமும் அடுத்த கட்டத்தோடு சேரும்போது ஒட்டுத் தெரியக் கூடாது. வலது ஓரத்தில் ஒரு கிளை பாதியில் நிற்கிறது. அதன் மீதிப் பாதியை இடது ஓரத்தில் வைக்க மறந்திருக்கிறேன். இரண்டு முறை சரிபார்த்தும் தப்பியிருக்கிறது. கண்ணாடியை மாற்ற வேண்டும்.

மார்ச் 8, சனி

வடிவம் முடிந்தது. நான்கு சாம்பல்கள்: வெளிறியது, நடுத்தரம், கரியது, ஈயம் போல ஒன்று. வழக்கம்போல நிற வட்டத்தில் கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தைத் தொட்டு, அது காட்டிய எண்களை நோட்டில் குறித்துக்கொண்டேன். நடுத்தரச் சாம்பல்: சிவப்பு 148, பச்சை 118, நீலம் 226.

மச்சானின் அச்சகத்துக்குப் போய் ஒரு மாதிரி அடித்து வாங்கினேன். அவன் இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்து, “அத்தான், உங்க டிசைன் ஒண்ணு அடிச்சா இது ஒரு வாரம் பெருமூச்சு விடுது. இந்த வயசுல இவ்ளோ சூடு உடம்புக்கு ஆகாது,” என்றான். மை நிறையச் செலவாவதைச் சொல்கிறான் போலும். அடுத்த முறை மரங்களைக் குறைக்க வேண்டும்.

மாதிரியை மேசைக்கு மேலே குத்திவைத்தேன். அடக்கமாக இருக்கிறது. கொஞ்சம் மிகையான அடக்கமோ?

மார்ச் 14, வெள்ளி

அனுப்பிவிட்டேன். தெருவிளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது என்று போனில் சொன்னதற்கு மகள் கண் மருத்துவமனையில் நேரம் வாங்கிவிட்டாள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

முதல் இடம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் முதல் இடம். வேறு யாரோ இதே பெயரில் இருக்கிறார்களோ என்று பக்கத்தை மூன்று முறை திறந்து பார்த்தேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். மனைவியைக் கூப்பிடப் போனேன். அவளே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்குத் தெரியும்,” என்றாள். என்ன தெரியும் என்று கேட்கவில்லை.

கருத்துகள் எண்பதுக்கு மேல். ‘பனிக்கரடி’ என்ற பெயரில் எழுதுகிறவர் கடுமையானவர். யாரையும் லேசில் பாராட்டமாட்டார். அவரே எழுதியிருக்கிறார்: “எல்லோரும் சாம்பல் பூசியபோது மூடுபனியை ஊதாவில் எரியவிட்ட துணிச்சல். தொப்பியைக் கழற்றுகிறேன்.”

ஊதாவா?

அவருடைய திரையில் ஏதோ கோளாறு. முன்பும் சிலர் என் வடிவங்களைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்கள். திரைக்குத் திரை நிறம் மாறும் என்று படித்திருக்கிறேன். துணிச்சல் என்று அவர்கள் சொல்வது மரங்களுக்கு நடுவே விட்ட இடைவெளியைத்தான் இருக்கும்.

மார்ச் 21, வெள்ளி

இரண்டு கண்ணிலும் புரை. நன்றாக முற்றியது.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, “ஐயா, எத்தனை வருஷமா இந்தப் பழுப்புக் கண்ணாடி வழியா உலகத்தைப் பாத்துட்டிருக்கீங்க?” என்றார். கண்ணாடி ஆறு மாதத்துக்கு முன் மாற்றியது, பழுப்பில்லை என்றேன். சிரித்துவிட்டு, அவர் சொன்னது மூக்கின் மேல் இருப்பதை அல்ல என்றார்.

வலது கண் ஏப்ரல் 2. இடது கண் ஏப்ரல் 23. கண்ணுக்குள் கத்தியா? தள்ளிப்போடலாமா என்று கேட்க இருந்தேன். மனைவி அதற்குள் படிவத்தில் தேதியை எழுதிவிட்டாள்.

மார்ச் 31, திங்கள்

இந்த வருஷத்தின் சிறந்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். இறுதிப் போட்டிக்குத் தலைப்பு: ‘நான் இருக்கும் அறை’. மே 5 கடைசி நாள். வெல்கிறவரின் வடிவம் சுவர்த்தாளாக அச்சாகிக் கடைகளுக்குப் போகும்.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரமாகப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன். மகள் போனில் அழுதுவிட்டாள். மச்சான், “அத்தான், இனிமே நான் உங்ககிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கித்தான் வரணும்,” என்றான்.

ஏப்ரல் 2, புதன்

முடிந்தது. வலியில்லை. ஒரு கண்ணை மூடி எழுதுகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் கட்டைப் பிரித்தார்கள்.

எங்கே தொடங்குவது? வெள்ளை என்று ஒன்று இருக்கிறது. இதுவரை நான் வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தது பழைய கடிதத்தின் நிறம். மருத்துவமனைப் படுக்கை விரிப்பைப் பார்த்துக் கண் கூசியது. வீட்டுக்கு வந்து முகம் கழுவும் தொட்டியின் முன்னால் நின்றேன். புதிதாக மாற்றினாயா என்று மனைவியிடம் கேட்டே விட்டேன். பதினைந்து வருஷமாக இருக்கும் தொட்டி.

காலுறைகள்: வலது கால் கறுப்பு, இடது கால் கருநீலம். எத்தனை நாளாக இப்படித் தெருவில் நடந்தேனோ.

மனைவியின் முகத்தில் நேற்றுவரை இத்தனை சுருக்கங்கள் இல்லை. அவளிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு விவரம் உண்டு.

ஏப்ரல் 4, வெள்ளி

தூக்கிவாரிப் போட்டது.

காலையில் மேசைக்குப் போனேன். மேலே குத்திவைத்திருந்த மாதிரித் தாளைக் காணோம். அதே இடத்தில் வேறு ஏதோ — அடிபட்ட இடம் கன்றிப்போகுமே, அந்த ஊதா. கூச்சல் போடும் ஊதா. மச்சான் விளையாட்டுக்கு மாற்றிக் குத்திவிட்டானோ என்று கிட்டே போய்ப் பார்த்தேன். பதினேழு மரங்கள். வலது ஓரத்துக் கிளை. என் கையெழுத்து.

வலது கண்ணைப் பொத்தினேன். சாம்பல். இடது கண்ணைப் பொத்தினேன். ஊதா. சாம்பல். ஊதா. பைத்தியக்காரன் மாதிரி அங்கேயே நின்று பொத்திப் பொத்தித் திறந்துகொண்டிருந்தேன்.

மருத்துவமனைக்குப் போன் செய்து, வைத்த லென்ஸ் பழுதோ என்று கேட்டேன். போனை எடுத்த பெண், “புதுக் கண் சரியாத்தான் சார் காட்டும். பழைய கண்தான் மஞ்சளா காட்டிட்டிருந்திருக்கும். நீலம், ஊதா எல்லாம் அதுல செத்துப்போய்த் தெரியும்,” என்றாள். நாள்தோறும் பத்துப் பேருக்குச் சொல்கிற குரல்.

அப்படியானால் நான் சாம்பல் என்று நினைத்ததைச் சாம்பலாகக் காண, அதற்குள் எவ்வளவு ஊதாவைக் கொட்டியிருக்கிறேன்?

இதை நான் செய்யவில்லை. யார் செய்தது பிறகு?

ஏப்ரல் 5, சனி

நோட்டுகளை எடுத்து அடுக்கினேன். மூன்று வருஷத்துக்கு ஆறு நோட்டுகள். ஒவ்வொரு போட்டிக்கும் நான் குறித்துவைத்த நடுத்தரச் சாம்பலை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்.

முதல் போட்டி: 150, 150, 158. மூன்று எண்ணும் ஏறத்தாழச் சமம். மூன்றும் சமமாக இருந்தால்தான் சாம்பல். இது எனக்குத் தெரியாதா? தெரியும்.

ஆறாம் மாதம்: 150, 146, 169. ஒரு வருஷம்: 149, 140, 181. ‘சமையலறை அலமாரி’: 149, 131, 197. ‘துவைத்த துணி’: 148, 124, 214. ‘மூடுபனி’: 148, 118, 226.

நீலம் படிக்கட்டு போல ஏறியிருக்கிறது. ஒரு தடவைகூட இறங்கவில்லை. கண்ணில் புரை வளர்ந்ததை மாதாமாதம் நானே என் கைப்பட, தேதி போட்டு, அடிக்கோடிட்டுப் பதிவு செய்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் நீர்மட்டப் பதிவேட்டைப் பார்த்து, எங்கே கசிகிறது என்று சொன்னவன் நான். இதை எழுதினேன், படிக்கவில்லை.

பக்கத்திலேயே எனக்குக் கிடைத்த இடங்களையும் எழுதிப் பார்த்தேன். நீலம் ஏற ஏற, இடமும் ஏறியிருக்கிறது.

நூற்று நாற்பதிலிருந்து முதல் இடம் வரை வந்தது நானல்ல.

ஏப்ரல் 7, திங்கள்

மனைவியிடம் பட்டும் படாமல் கேட்டேன்: “இந்த மூடுபனியில ஊதா கொஞ்சம் தூக்கலோ?”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “இப்பதான் கேக்கத் தோணிச்சா?” என்றாள்.

“முன்னாடியே தோணிருந்தா நீ சொல்லிருக்கலாமே.”

“எதுக்குச் சொல்லணும்? நாப்பத்தாறு வருஷமா உங்க அலமாரியைத் திறந்தா மழை வரப்போற வானம் மாதிரி இருக்கு. சட்டை எடுக்கப் போனா நாலு கலர் எடுத்துப் பாத்துட்டு, கடைக்காரன் முகத்தைப் பாத்துட்டு, பழையபடி அதே சாம்பலை வாங்கிட்டு வருவீங்க. ஓட்டல்ல உப்பு கேக்கக்கூட நான்தான் கையைத் தூக்கணும். திடீர்னு ஒரு நாள் கம்ப்யூட்டர்ல இப்படி ஒரு ஊதா. நான் கதவுகிட்டயே நின்னுட்டேன். அட, இந்த மனுஷனுக்குள்ள இது இருந்திருக்கு, பயந்துக்கிட்டு இவ்ளோ காலம் உள்ளேயே வச்சிருந்திருக்காருன்னு நினைச்சேன். நான் ஒரு வார்த்தை சொன்னா உடனே பயந்து நிறுத்திடுவீங்க. அதான் வாயை மூடிட்டேன்.”

கடைசித் துண்டை மடித்துவைத்துவிட்டு, “நல்லா இருக்கு உங்க ஊதா,” என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

நான் என்ன சொன்னேன்? “ம்,” என்றேன்.

ம் என்றால் என்ன அர்த்தம்? பொய் என்று அர்த்தம்.

ஏப்ரல் 9, புதன்

சொட்டு மருந்துக்கு நேரம் தவறவில்லை. வேறு எதுவும் சரியாக இல்லை.

இறுதிப் போட்டிக்கு வரையத் தொடங்கினேன். நான் இருக்கும் அறை: நாற்காலி முதுகு, மேசை விளக்கு, ஜன்னல் கொக்கி, கண்ணாடிக் கூடு, பேனா மூடி, சொட்டு மருந்துக் குப்பி. கோடுகள் சுத்தமாக வருகின்றன. மூன்று வருஷத்தில் இவ்வளவு நேர்த்தியாக வரைந்ததில்லை.

ஏப்ரல் 16, புதன்

புதுக் கண்ணால் நிறம் கொடுத்தேன். சாம்பல், உண்மையான சாம்பல். கூடவே வெளிர் பச்சை, வைக்கோல் நிறம். குறை சொல்ல ஒன்றுமில்லை. வங்கியில் வரிசையில் நிற்கும்போது எதிரே ஒரு சுவர் இருக்குமே, யாருக்கும் நினைவிருக்காதே, அந்தச் சுவர்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “இன்னும் கலர் போடலையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் நிறம் கொடுத்துப் பார்த்தேன். பத்து நிமிஷம். கையை எடுத்துப் பார்த்தபோது — என்ன சொல்ல, அறையே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதே நாற்காலிதான், அதே விளக்குதான். பனிக்கரடி தொப்பியைக் கழற்றுவது இதற்குத்தான்.

ஏப்ரல் 23 அன்று அந்தக் கண்ணின் புரையையும் எடுத்துவிடுவார்கள். அதன்பின் அந்த ஆள் எனக்குள் எங்கேயும் இருக்கமாட்டார்.

மருத்துவமனைக்குப் போன் செய்து, வெளியூர் போக வேண்டியிருக்கிறது, மே பத்துக்கு மேல் தேதி வேண்டும் என்றேன். போனை டாக்டரம்மா வாங்கி, “ஐயா, அந்தக் கண்ணு ரொம்பக் கெட்டியாயிட்டு வருது. ரொம்பத் தள்ளினா ஆபரேஷன் எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். அப்படி என்ன ஊரு?” என்றார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றேன். எந்தக் கூச்சமும் இல்லாமல் வந்தது. எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

ஏப்ரல் 18, வெள்ளி

பிடிபட்டேன்.

மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் மூடியை நல்ல கண்ணில் கட்டி, அதன்மேல் கறுப்புத் துணி வைத்து, புரைக் கண்ணால் வேலை செய்துகொண்டிருந்தேன். மனைவி சொட்டு மருந்தோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். “என்னங்க, ஆபரேஷன் பண்ண கண்ணுல வலியா? தெரியலையா?” என்று மடமடவென்று செருப்பைத் தேடினாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக.

வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அவள் அவசரத்தில் இடது செருப்பை வலது காலில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டுத் தாளைக் காட்டினேன். மருத்துவமனைத் தேதியைத் தள்ளியதையும் சொன்னேன்.

ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். அவள் அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தாளை மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கேட்டாள்:

“அப்போ அது நீங்க இல்லையா?”

“கை என்னோடதுதான்,” என்றேன்.



ஏப்ரல் 19, சனி

காலையிலிருந்து மருந்து விடும் நேரத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாக இருந்தால் எனக்குத் தெரியும், இது கோபமில்லை. யாரையோ வழியனுப்பிவிட்டு வந்தவள் மாதிரி இருக்கிறாள்.

ஏப்ரல் 21, திங்கள்

அவளாகவே பேசினாள். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன், அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேச அதுதான் வசதியான இடம்.

“ரெண்டு வருஷமா இன்னொருத்தரோட குடித்தனம் பண்றதா நினைச்சிட்டிருந்தேன். அவரை எனக்குப் பிடிச்சிருந்தது,” என்றாள்.

நான் குழாயை மூடினேன்.

“அவர் இல்லைன்னா இல்லைதான். அதைத் தாங்கிக்குவேன். சாம்பல் மனுஷனோட நாப்பத்தாறு வருஷம் ஓட்டினவதானே நான். ஆனா கெட்டுப்போன கண்ணைக் காப்பாத்தி வச்சுக்கிட்டு, நல்ல கண்ணை மறைச்சுக்கிட்டு, அவர் மாதிரி வேஷம் போடறீங்களே, அதைத்தான் பாக்க முடியல. நீங்க பயந்தவர். திருட்டுத்தனம் பண்றவர் இல்ல.”

“எனக்கு அந்த ஊதாவைப் பார்த்தா பயமா இருக்கு,” என்றேன். “கண் தெரிஞ்சிருந்தா நான் கனவுலகூட அதைத் தொட்டிருக்கமாட்டேன்.”

“அது எனக்குத் தெரியாதா?” என்றாள். “பயம்னா பயம்னு சொல்லுங்க. பயந்துக்கிட்டே கூடத்தான் ஜனங்க ஆயிரம் வேலை செய்யறாங்க.”

சாயங்காலம் நானே போன் செய்தேன். கல்யாணம் பொய் என்று சொன்னேன். பிறகு டாக்டரம்மா, “உங்க தேதியை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேனே ஐயா. அன்னிக்கே முதல் ஆளா, காலைல ஆறரைக்கு வர முடியுமா?” என்றார். வருகிறேன் என்றேன். யாரையும் கேட்காமல் சொன்னேன் என்பது போனை வைத்த பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் 23, புதன்

கெட்டியாகத்தான் இருந்ததாம். ஒன்றரை மடங்கு நேரம். முடிந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

இப்போது எந்தக் கண்ணைப் பொத்தினாலும் ஒரே உலகம். அந்தச் சாம்பலை இனிமேல் நான் பார்க்கவே முடியாது. அது எங்கேயும் இல்லாத நிறம். கொஞ்சம் அழுதேன். மருந்து போலக் கன்னத்தில் வழிந்தது, துடைத்துக்கொண்டேன்.

பிறகு வேலை. ஊதாவைத் தொடக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அது புரையின் சொத்து. நிற வட்டத்தை ஒரு சுற்று பார்த்து, எனக்கு எது ஆகவே ஆகாது என்று கேட்டுக்கொண்டேன். சிவப்பு. பழுத்த மிளகாயின் சிவப்பு. அலுவலகத்தில் அது உடைந்த குழாய்க்கு. அதை வரையும்போதே மேலதிகாரி பின்னால் நிற்பது போல இருக்கும்.

கண்ணால் தொடவில்லை. எண்ணாக ஏற்றினேன். 150 — பரவாயில்லை. 170. 185. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, பார்த்து, மூச்சு விட்டு. 200இல் உள்ளங்கை வேர்த்துவிட்டது. 210இல் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றேன். என்ன கஷ்டம் இது? வெறும் நிறம். யாரும் அடிக்கமாட்டார்கள். 214இல் வைத்தேன். அதற்கு மேல் சத்தியமாக என்னால் முடியவில்லை. அந்தச் சிவப்புக்குள் நாற்காலி, விளக்கு, கொக்கி எல்லாம் கரும்பச்சை.

மனைவி வந்து கதவருகே நின்றாள்.

“பாத்தா பயமா இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு.”

“கண்ணு நல்லா தெரியுது இல்ல?”

“தெரியுது.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மே 5, திங்கள்

அனுப்பிவிட்டேன். விளக்கக் குறிப்பில் மூன்று வரி எழுதினேன்: “இதுவரை நீங்கள் பாராட்டிய ஊதா என் கண்புரையின் வேலை. நான் அதைச் சாம்பல் என்று நினைத்துத்தான் வரைந்தேன். இது கண் தெரிந்த பிறகு வரைந்தது.”

நான் ஆறுதல் தேடுவதாக நினைத்துவிடுவார்களோ என்று நான்கு முறை அழித்து நான்கு முறை எழுதினேன். மதியத்துக்குள் கருத்துகள் இருநூறு. திகைத்துப்போயிருக்கிறார்கள். ஒருவர் மூடுபனிக்குக் கிடைத்த முதல் இடத்தைப் பறிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் தன் அம்மாவை நாளைக்கே கண் பரிசோதனைக்கு அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறார். பனிக்கரடி ஒன்றும் எழுதவில்லை.

மச்சான் மட்டும், “நான் அன்னிக்கே சொன்னேனே அத்தான், சூடு ஜாஸ்தின்னு. நான் ஒரு டாக்டர் ஆகியிருக்க வேண்டியவன்,” என்கிறான்.

மே 19, திங்கள்

பன்னிரண்டு பேரில் பதினோராவது.

பனிக்கரடி கடைசியில் எழுதினார்: “நேர்மைக்கு வணக்கம். துணிச்சலும் தெரிகிறது, கூடவே நடுக்கமும் தெரிகிறது. உண்மையைச் சொன்னால், எனக்குப் புரையைத்தான் பிடித்திருந்தது.”

சத்தமாகப் படித்துக் காட்டினேன். மனைவி சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்; கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், என்னை மாதிரியே அவரும்,” என்றாள். எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

பதினோராவது. கணக்குப் பார்த்தால், நானே உழைத்து வாங்கிய இடம் இது ஒன்றுதான். முந்தையவை எல்லாம் வேறொருவர் பெயரில் சேர வேண்டியவை.

மே 26, திங்கள்

புதுத் தலைப்பு வந்தது. ‘ஈரம்’. இன்னும் தொடவில்லை. மனைவி யாரிடமோ போனில் கூடத்துச் சுவரின் நீளம் அகலம் சொல்லிக்கொண்டிருந்தாள். இஞ்ச் டேப்பை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவள் அளந்த அளவு. நான் மறுபடி அளந்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

காலை பத்து மணிக்குச் சுவர்த்தாள் ஒட்டுகிறவர் வந்தார். தொழிலில் இருபது வருஷமாம். கூடத்துச் சாமான்களை எல்லாம் நடுவில் தள்ளி, பழைய போர்வையால் மூடினார். பசை கலக்கிவிட்டு, மச்சானின் அச்சகத்திலிருந்து வந்திருந்த முதல் சுருளைப் பிரித்தார். முழங்கை அளவு பிரித்ததும் கை நின்றுவிட்டது.

திரையில் பார்ப்பது வேறு. தாளில், பட்டப்பகலில், அத்தனை சிவப்பு.

“சார்,” என்றார் அவர், சுருளைப் பிடித்தபடியே. “தப்பா எடுத்துக்காதீங்க. சில பேர் மொபைல்ல பாத்துட்டு வாங்கிடறாங்க. நாலு சுவத்துலயும் ஏறினப்புறம் தலைல கையை வச்சுக்கிட்டு என்னைத் திட்டறாங்க. ஒட்டினதை உரிச்சா சுவர்ப் பூச்சும் சேந்து வந்துடும். இது என்ன கலர்னு தெரிஞ்சுதானே எடுத்தீங்க?”

மனைவியைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டிய இடங்களில் அப்படித்தான் பார்ப்பேன். அவள் போர்வைக்குள் மாட்டிக்கொண்ட எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள். அங்கே ஒன்றுமில்லை.

அவர் காத்துக்கொண்டிருந்தார். பசைத் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

“தெரிஞ்சுதான்,” என்றேன். “வரைஞ்சதே நான்தான்.”

கழுத்துவரை பொத்தான் போட்ட என் சட்டையிலிருந்து செருப்புவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா?” என்றார்.

“நானேதான். ஒட்டுங்க.”

ஜன்னல் பக்கத்துச் சுவரிலிருந்து ஆரம்பித்தார்.